ஓட மறுக்கும் இறுவட்டு

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி மேற்கே சென்றால், மலைநாடு மெல்லத் தாழ்ந்து சமவெளியை நோக்கி இறங்கத் தொடங்கும் இடத்தில் கலகெதர என்னும் ஊர் வரும். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் ஊர் அது. அங்கும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே ஒரு டி.வி.டி. பிளேயரை இன்றும் துணி மூடிப் பேணி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கைத்தொலைபேசியிலேயே திரைப்படம் பார்க்கும் இக்காலத்தில் அப்பெட்டி எதற்கு என்று இளைஞர் கேட்கக்கூடும். அலுமாரியில் இருக்கும் இறுவட்டுகளுக்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. மகளின் திருமணம், பேத்தியின் பூப்புனித நீராட்டு விழா, கோயிற் கும்பாபிஷேகம், பாடசாலைப் பரிசளிப்பு விழா ஆகிய யாவும் அவ்வட்டுகளிலேதான் இருக்கின்றன.

அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தின் இறுவட்டு அங்கே இருக்கிறது. மணமக்கள் மீது நடுங்கும் கையால் அட்சதை தூவி, இரண்டு சொல் வாழ்த்தும் சொல்லிய பாட்டி இப்போது இல்லை. அவர் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை. வட்டிலோ கீறல் விழுந்துவிட்டது. கண்டியில் வேலை பார்க்கும் மகன், முன்னெச்சரிக்கையாக, அதனைத் தன் கணினியில் இட்டுப் புதிய வட்டொன்றிலே எழுதிக் கொண்டுவருகிறான். கணினியில் அது நன்றாக ஓடியது. வீட்டுப் பிளேயரில் இட்டபோதோ, தட்டு உள்ளே சென்றது, சிறிது நேரம் கறகறவென்று ஒலி கேட்டது, பின்னர் ‘நோ டிஸ்க்’ என்ற எழுத்துகள் தோன்றின. வட்டு உள்ளே இருக்க, வட்டே இல்லை என்கிறது பெட்டி.

பெட்டியைத் திருத்துபவரிடம் கொண்டுபோனால், அவர் கடையிலிருந்த திரைப்பட வட்டொன்றை இட்டுக் காட்டி, “பெட்டியில பிழை ஒன்றும் இல்லை ஐயா, டிஸ்க்தான் பிழை” என்கிறார். வட்டு வாங்கிய கடையிலோ கணினியில் இட்டுக் காட்டி, “டிஸ்க் நல்லா ஓடுதே அண்ணன், உங்கட பிளேயர்தான் பிழை” என்கிறார்கள். இருவரில் ஒருவர் பொய்யுரைக்கிறார் என்று வீட்டார் எண்ணுவது இயல்பு. உண்மையில் இருவர் கூற்றும் சரியானதே. இவ்வழக்கின் வேடிக்கையும் தொல்லையும் அதிலேதான் இருக்கின்றன. நல்ல வட்டும் நல்ல பெட்டியும் ஒன்றோடொன்று சேராமற் போவது எவ்வாறு என்று அறிவதற்கு, இவ்வட்டின் இயல்பைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும்.

டி.வி.டி. என்பது 12 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. பாட்டுக் கேட்கும் சி.டி.யும் அதே அளவினதுதான். இலங்கைத் தமிழில் இரண்டையும் இறுவட்டு என்றே வழங்குகின்றனர். ஆயினும் உள்ளமைப்பில் இரண்டும் வேறு. சி.டி.யில் செய்தி இருக்கும் படலம் மேற்பக்கத்து எழுத்துகளுக்கு அடியிலேயே, மெல்லிய பூச்சொன்றின் கீழ் இருக்கிறது. டி.வி.டி.யிலோ 0.6 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள இரண்டு பொலிகாபனேற்றுத் தட்டுகள் ஒட்டப்பட்டு, செய்திப் படலம் அவற்றின் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. உள்வட்டத்திலே தொடங்கி வெளிவட்டம் வரை சுருள் சுருளாகச் செல்லும் ஒரே தடத்தில் செய்தி பதிகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையிலுள்ள தூரம் 0.74 மைக்கிரோமீற்றர். மைக்கிரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சி.டி.யில் இவ்விடைவெளி 1.6 மைக்கிரோமீற்றர். டி.வி.டி.யின் அச்சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் வரும். கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் இல்லை. இத்தனை நுண்ணிய தடத்தை, 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவந்த லேசர்க் கதிர் ஒன்று, கடுகளவு வில்லையின் ஊடாகத் தடவிப் படிக்கிறது.

கடையில் விற்கப்படும் திரைப்பட வட்டு தொழிற்சாலையிலே அச்சிடப்படுவது. அச்சுத்தகட்டில் உள்ள குழிகள் பொலிகாபனேற்றில் அழுத்தப்பட்டு, அதன்மேல் அலுமினியம் பூசப்படுகிறது. குழி உண்மையான குழி. பளபளப்பும் உண்மையான உலோகப் பளபளப்பு. வீட்டில் எழுதும் வட்டோ அவ்வாறன்று. அதனுள்ளே சாயப் படலம் ஒன்று இருக்கிறது. எழுதும் போது வலிமை மிக்க லேசர்க் கதிர் அச்சாயத்தைச் சூடாக்கி ஆங்காங்கே மாற்றிவிடுகிறது. மாறிய இடம் ஒளியைக் குறைவாகவும், மாறாத இடம் மிகுதியாகவும் தெறிக்கச் செய்யும். இவ்வேற்றுமையைக் குழியும் மேடுமாக எண்ணிப் பிளேயர் படித்துக்கொள்கிறது. வட்டைத் திருப்பிப் பார்த்தாலே இன்னது என்று சொல்லிவிடலாம். அச்சிட்டது வெள்ளி போல் மின்னும். எழுதியது ஊதாவோ நீலமோ கலந்து தோன்றும். அழித்து அழித்து எழுதத்தக்க ஆர்.டபிள்யூ. வட்டின் அடிப்பக்கம் கருஞ்சாம்பல் நிறம் காட்டும்.

இந்நிற வேறுபாடே சிக்கலின் முதல் நுனி. அச்சிட்ட ஒற்றைப் படல வட்டு, தன்மேல் விழும் ஒளியில் 45 முதல் 85 வீதம் வரை தெறிக்கச் செய்யும். ஒருமுறை எழுதும் நல்ல வட்டும் அவ்வெல்லைக்குள்ளே, ஆனால் பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதியிலே நிற்கும். ஆர்.டபிள்யூ. வட்டோ 18 முதல் 30 வீதம் மட்டுமே தெறிக்கச் செய்கிறது. அச்சிட்ட இரட்டைப் படல வட்டின் தெறிப்பும் ஏறக்குறைய அதுவே. ஆகவே பழைய பிளேயர் ஒன்று ஆர்.டபிள்யூ. வட்டைக் கண்டதும், இஃது இரட்டைப் படல வட்டுப் போலும் என்று மயங்கி, இல்லாத இரண்டாம் படலத்தைத் தேடி அலைந்து, இறுதியில் ‘நோ டிஸ்க்’ என்று கைவிரித்துவிடும். கறகறவென்று கேட்ட ஒலி அந்தத் தேட்டத்தின் ஒலியே.

பிளேயர் மீது முழுப்பழியையும் சுமத்துவதும் நேர்மையன்று. டி.வி.டி. 1996 நவம்பரில் ஜப்பானிலும், அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. வீட்டில் எழுதும் வட்டுகள் அதன் பின்னரே, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதற்காலப் பிளேயர்களை அமைத்தவர்கள் அச்சிட்ட வட்டை மனத்திற் கொண்டே அமைத்தார்கள். போதாக்குறைக்கு, எழுதும் வட்டு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதிலே கம்பெனிகள் இரு கட்சியாகப் பிரிந்தன. ஒரு கட்சியார் ‘மைனஸ் ஆர்’ என்று வழங்கும் வட்டை 1997இல் கொண்டுவந்தார்கள். மற்றைக் கட்சியார் ‘பிளஸ் ஆர்’ என்பதை 2002இல் கொண்டுவந்தார்கள். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றே போல் தோன்றும். பழைய பிளேயருக்கோ ஒன்று உறவு, மற்றது அந்நியம். பொதுவாகச் சொன்னால், பழைய பெட்டிகள் மைனஸ் ஆர் வட்டையே எளிதில் ஏற்றன. ஆர்.டபிள்யூ. வட்டில் எழுதி ஓடாவிட்டால் மைனஸ் ஆர் வட்டில் எழுதிப் பார்ப்பதே முதற் பரிகாரம். செலவு ஒரு வெற்று வட்டின் விலை மட்டுமே. புதிய பிளேயர் வாங்கப் புறப்படுமுன் செய்ய வேண்டியது இதுவே.

பிளஸ் ஆர் வட்டு வைத்திருப்பவருக்கும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வட்டின் தொடக்கத்திலும், தான் இன்ன இனம் என்று கூறும் குறிப்பொன்று எழுதப்பட்டிருக்கும். பிளேயர் முதலிற் படிப்பது அதனையே. பிளஸ் ஆர் வட்டில் எழுதும்போது, இக்குறிப்பை ‘டி.வி.டி. ரொம்’, அதாவது அச்சிட்ட வட்டு, என்று மாற்றி எழுதிவிடலாம். எழுதும் கருவி அதற்கு இடங்கொடுக்க வேண்டும். ‘இம்க்பேர்ன்’ போன்ற இலவச மென்பொருள்களில் இவ்வசதி இருக்கிறது. வட்டின் உடலில் ஒரு மாற்றமும் இல்லை, பெயர்ச்சீட்டு மட்டுமே மாறுகிறது. ஆயினும் பெயரைக் கண்டே வாயிலை அடைத்த பிளேயர்கள் பல அம்மாற்றத்தின்பின் திறந்துகொண்டன. மனிதர் உலகிலும் இத்தகைய வாயிற்காவலர் இல்லாமல் இல்லை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, எழுதிய வட்டு ‘முடித்துவைக்கப்’ பட்டிருக்கிறதா என்பது. கணினிக் கடைகளில் ‘பைனலைஸ்’ என்பர். படம் முழுவதையும் எழுதிவிட்டாலும், வட்டின் பொருளடக்கத்தையும் எல்லை காட்டும் இறுதிப் பகுதியையும் எழுதி மூடாவிட்டால் அவ்வேலை நிறைவுபெறாது. பின்னர் இன்னும் சில படங்களைச் சேர்க்கலாம் என்ற எண்ணத்தில் வட்டைத் திறந்தே வைத்துவிடுவோர் உளர். எழுதிய கணினி அவ்வட்டையும் படித்துவிடும். தனிப் பிளேயர் படிக்காது. வட்டிலே நேரடியாகப் பதிவு செய்யும் வீடியோக் கமராக்களில் இக்குறை மிகுதி. விழாவைப் படம்பிடித்து, கமராவிலேயே பார்த்து மகிழ்ந்து, வட்டை முடித்துவைக்காமல் வெளியே எடுத்து அலுமாரியில் வைத்துவிடுவார்கள். பின்னர் கமராவும் பழுதாகிவிடும். அத்தகைய வட்டு வெறுமையாகத் தோன்றினாலும் தூக்கி எறிதல் ஆகாது. முடித்துவைக்கப்படாத வட்டிலிருந்தும் படத்தை மீட்டெடுக்கும் ‘ஐசோபஸ்டர்’ போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

வட்டினம் சரி, முடித்தும் வைத்தாயிற்று, எனினும் ஓடவில்லை எனின், உள்ளே எழுதப்பட்டிருப்பது என்ன என்று நோக்க வேண்டும். பலர் இங்கேதான் இடறுகிறார்கள். கணினியில் இருக்கும் படக்கோப்பை அப்படியே இழுத்து வட்டிலே இட்டு எழுதிவிட்டால், அது டி.வி.டி.யில் எழுதிய கோப்பு ஆகுமேயன்றி டி.வி.டி. படம் ஆகாது. கடிதத்தை உறையிலிட்டு முகவரி எழுதாமல் தபாற்பெட்டியிற் போட்டது போன்றது அச்செயல். தனிப் பிளேயர் எதிர்பார்க்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. ‘வீடியோ-டி.எஸ்.’ என்னும் கோப்புறை இருக்க வேண்டும். அதனுள்ளே படத்தைத் தாங்கிய வி.ஓ.பி. கோப்புகளும், அவற்றை எந்த வரிசையில் ஓட்டுவது என்று கூறும் ஐ.எப்.ஓ. கோப்புகளும், பின்னவை கெட்டால் உதவுவதற்கு அவற்றின் படிகளும் இருக்க வேண்டும். படம் எம்பெக்-2 என்னும் முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் எடுக்கும் எம்.பி.4 படங்கள் பெரும்பாலும் வேறு முறையில், எச்.264 என்ற வகையில் சுருக்கப்பட்டவை. பழைய பெட்டிக்கு அது விளங்காத மொழி. பிற்காலப் பிளேயர்கள் சிலவற்றின் முகப்பில் ‘டிவ்எக்ஸ்’ என்ற சின்னம் இருக்கும். அவை சில கோப்புகளை நேரே ஓட்டும், எல்லாவற்றையும் அல்ல.

இங்கு ‘நோ டிஸ்க்’ வருவது குறைவு. வட்டை இனங்கண்டுகொண்ட பின்னரே பெட்டி திகைக்கும். ‘அறியாத வடிவம்’ என்ற பொருள்படும் சொற்கள் திரையில் தோன்றினால், குற்றம் பெரும்பாலும் எழுதிய முறையிலேயே இருக்கிறது. ‘டி.வி.டி.ஸ்டைலர்’ போன்ற மென்பொருளைக் கொண்டு படத்தை உரிய முறைக்கு மாற்றி, டி.வி.டி. வீடியோவாக எழுதினால் தீர்ந்துவிடும். மாற்றுவதற்கு நேரம் ஆகும், மணிக்கணக்கிலும் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவதாகச் சொல்பவர் கோப்பை வெறுமனே நகலெடுத்துக் கொடுப்பவரே என்று ஐயுறலாம்.

படம் ஓடுகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது, அல்லது மேலும் கீழுமாக உருண்டோடுகிறது என்ற முறையீடும் உண்டு. இது வெளிநாட்டிலிருந்து வந்த வட்டுகளில் நேர்வது. இலங்கையின் தொலைக்காட்சி ‘பால்’ என்னும் வண்ணமுறையைப் பின்பற்றி வளர்ந்தது. வினாடிக்கு 25 படம், 576 வரி. இங்கிலாந்திலிருந்தோ சுவிற்சர்லாந்திலிருந்தோ உறவினர் அனுப்பும் திருமண வட்டும் இம்முறையினதே. கனடாவில் எழுதிய வட்டோ என்.ரி.எஸ்.சி. என்னும் முறையைச் சார்ந்தது. வினாடிக்கு ஏறத்தாழ 30 படம், 480 வரி. ரொறன்ரோவில் நடந்த திருமணம் கண்டியில் நிறமிழந்து தோன்றுவதற்குக் காரணம் இதுவே. பிளேயரின் அமைப்புப் பக்கத்தில் தொலைக்காட்சி முறை என்று ஒரு வரி இருக்கும். அதனை ‘மல்ரி’ அல்லது ‘ஓட்டோ’ என்று மாற்றினால் பெரும்பாலும் போதும். வலயக் குறியீடு என்று கேள்விப்பட்டுச் சிலர் அஞ்சுவர். இந்தியத் துணைக்கண்டம் 5ஆம் வலயத்தில் அடங்குவது உண்மையே. ஆனால் அத்தடை வணிகத் திரைப்படங்களுக்காக வைக்கப்பட்டது. வீட்டில் எழுதிய கலியாண வட்டில் அது பொதுவாக இருப்பதில்லை.

தொடக்கத்தில் நன்றாக ஓடி, நடுவிலோ இறுதியிலோ நின்றுவிடும் வட்டுகளின் கதை வேறு. தடம் உள்ளிருந்து வெளியே செல்கிறது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ஆகவே படத்தின் இறுதிக் காட்சிகள் வட்டின் வெளியோரத்தில் இருக்கும். கைவிரல் படுவது ஓரத்தில். வட்டு வளைந்தால் வளைவு மிகுதியாகத் தெரிவதும் ஓரத்தில். மலிவான வட்டுகளில் சாயப் படலம் சீர்கெடுவதும் பெரும்பாலும் ஓரத்தில். மணமகளை வழியனுப்பும் காட்சியில் படம் உறைந்து நின்றுவிட்டது என்று பல வீடுகளில் வருந்துவது தற்செயலன்று. 4.7 ஜிகாபைட் என்று உறையில் அச்சிட்ட வட்டு கணினியில் 4.37 என்று காட்டும். இருவகைக் கணக்கினால் வரும் வேறுபாடு அது, கடைக்காரர் ஏமாற்றியதன்று. அவ்விடம் முழுவதையும் நிரப்பாமல், ஓரத்தில் சிறிது வெற்றிடம் விட்டு எழுதுவது நல்லது. நீண்ட விழாவாயின் இரண்டு வட்டுகளாகப் பிரித்துவிடலாம்.

வேகமும் இதனோடு சேர்ந்தது. உறையில் ‘16 எக்ஸ்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். படம் பார்க்கும்போது வட்டு, உள்வட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 முறையும், வெளிவட்டத்தில் 570 முறையும் சுழல்கிறது. 16 எக்ஸ் வேகத்தில் எழுதும்போதோ நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல். அத்தனை வேகத்தில் மைக்கிரோமீற்றரிலும் சிறிய குறிகளைச் சாயத்தில் தெளிவாகப் பொறிப்பது எளிதன்று. குறியின் விளிம்பு மழுங்கிவிடும். கணினியின் படிக்கும் கருவி மழுங்கிய குறியையும் பலமுறை திரும்பத் திரும்பப் படித்து ஊகித்துக்கொள்ளும். தனிப் பிளேயருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வினாடிக்கு 25 படம் காட்டியாக வேண்டிய அவசரத்தில், ஒருமுறை இருமுறை முயன்று விட்டுவிடும். ‘கணினியில் ஓடுகிறது, பெட்டியில் ஓடவில்லை’ என்ற வழக்கின் உள்நின்ற மெய் இதுவே. வட்டு, படிக்கத்தக்கது என்பதற்கும் படிக்கத்தகாதது என்பதற்கும் நடுவிலுள்ள மெல்லிய கோட்டின்மேல் நிற்கிறது. ஒரு கருவி அக்கோட்டின் இப்புறமும் மற்றது அப்புறமும் தீர்ப்புச் சொல்கின்றன. 16 எக்ஸ் வட்டை 4 எக்ஸ் அல்லது 8 எக்ஸ் வேகத்தில் எழுதுவது பொருத்தம். மிகக் குறைந்த வேகமே மிக நல்லது என்பதும் தவறு. விரைந்து எழுதவென்று செய்த சாயம் மிகமெதுவாகச் சுட்டாலும் சீராக அமையாது.

படத்தைச் சுருக்கும் அளவும் கவனத்துக்குரியது. வட்டிலே எழுதும் படத்துக்கு வினாடிக்கு 9.8 மெகாபிட் என்பது விதித்த மேலெல்லை. அவ்வெல்லையைத் தொட்டு எழுதினால் எழுதிய வட்டைப் படிக்கும் பழைய பெட்டிகள் மூச்சுத் திணறும். இரண்டு மணி நேரப் படத்தை ஒற்றைப் படல வட்டில் அடக்குவதற்கு எவ்வாறாயினும் ஒலியும் சேர்த்து 5 மெகாபிட் அளவுக்குத்தான் இடமுண்டு. குறுகிய படம் என்பதற்காக அளவை உச்சத்துக்கு ஏற்றாமல் 6, 7 என்று வைத்துக்கொண்டால் பெட்டியும் வருந்தாது, பார்ப்பவர் கண்ணும் வேற்றுமை காணாது.

இனி அலங்காரம். மணமக்கள் படத்தை அச்சிட்டு, வட்டின்மேல் அழகாக ஒட்டித் தருவது ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. அதைப் போல் வட்டுக்குப் பகை பிறிதில்லை. தாள் சிறிது விலகி ஒட்டப்பட்டாலும் சுழலும்போது வட்டு தள்ளாடும். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், வெயிற்காலத்தில் சுருங்கும். அதனோடு வட்டும் வளையும். அமெரிக்க நாட்டின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவகம் இவ்வட்டுகளைப் பேணுவது பற்றி 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கைந்நூலும் ஒட்டுத்தாள் வேண்டாம் என்றே கூறுகிறது. நீரிற் கரையும் மையுள்ள பேனாவால் மேற்பக்கத்தில் எழுதுதல், ஓரத்தையும் நடுத்துளையையும் மட்டுமே தொடுதல், நிமிர்த்தி வைத்தல், வளைக்காதிருத்தல் என்பன அதில் வற்புறுத்தப்படுகின்றன. நீண்டகாலம் பேணுவதற்கு 4 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையும், 20 முதல் 50 வீத ஈரப்பதனும் வேண்டும் என்றும் அது கூறும். கண்டிப் பகுதியில் அத்தகைய காற்றை எங்கே தேடுவது! மழை பெய்து ஓய்ந்த நாளில் சுவரே வியர்க்கும் ஊர்கள் இவை. நடு அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாட்டின் ஈரச் சூழலில் ஒரு வகைப் பூஞ்சணம் சி.டி. வட்டின் உள்ளே புகுந்து படலத்தையே தின்றுவிட்டதை ஸ்பானிய ஆய்வாளர் 2001இல் எடுத்துக்காட்டினர். டி.வி.டி.யில் படலம் நடுவில் இருப்பதால் மேற்கீறல் அவ்வளவு தாக்காது. ஆனால் இரு தட்டும் ஒட்டிய விளிம்பு வழியே ஈரம் நுழைய இடமுண்டு. வெயில் படும் சன்னலோரத்தில் வைத்தால் சாயம் வெளுக்கும், ஈரச்சுவரை ஒட்டிய அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். உள்சுவரை ஒட்டிய அலுமாரியின் நடுத்தட்டில், இறுக மூடும் பெட்டியொன்றில், மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் இரண்டை இட்டு வைப்பதே இயன்ற வழி.

அழுக்குப் படிந்த வட்டைத் துடைப்பதற்கும் முறை இருக்கிறது. மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் வழியே நீளும். குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தும் கணக்கு ஈடுசெய்துவிடும். தடத்தோடு நீளும் கீறல் தொடர்ச்சியாகச் செய்தியை விழுங்கிவிடுவதால், அக்கணக்கும் தோற்றுவிடும்.

பிளேயரின் பக்கம் குற்றமே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு லேசர்கள் இருக்கின்றன. சி.டி.க்கு 780 நனோமீற்றர், டி.வி.டி.க்கு 650. பாட்டு வட்டு ஓடுகிறது, அச்சிட்ட திரைப்பட டி.வி.டி. ஓடவில்லை எனின், இரண்டாவது லேசர் தளர்ந்துவிட்டது என்றோ வில்லையில் தூசி படிந்திருக்கிறது என்றோ கொள்ளலாம். அச்சிட்ட டி.வி.டி. ஓடி, எழுதியது மட்டும் ஓடாவிடினும் தூசியை ஐயுற இடமுண்டு. வலிய தெறிப்பு தூசியைக் கடந்து வந்துவிடும், மெலிந்த தெறிப்பு வராது. விறகடுப்புப் புகையும் ஊதுபத்திப் புகையும் உலவும் வீடுகளில் இது இயல்பு. மின்னிணைப்பைக் கழற்றியபின், ஐசோபுரொப்பைல் அற்ககோல் தோய்ந்த பஞ்சுக்குச்சியால் வில்லையை மிக மெதுவாக ஒற்றியெடுக்கலாம். அழுத்தினால் வில்லையைத் தாங்கும் நுண்கம்பிகள் கெட்டுவிடும். கை நடுங்குபவர் திருத்துபவரிடமே விட்டுவிடுதல் நன்று.

கலகெதர வீட்டு வழக்கில் நடந்தது என்னவெனின், மகன் எழுதியது ஆர்.டபிள்யூ. வட்டு. பின்னொரு நாள் அழித்து வேறு எழுதலாம் என்ற சிக்கன எண்ணத்தால் அதனைத் தெரிந்தெடுத்திருந்தான். அடிப்பக்கத்துச் சாம்பல் நிறத்தைக் கண்ட அண்டை வீட்டு ஆசிரியை ஒருவர் மைனஸ் ஆர் வட்டு வாங்கச் சொன்னார். 4 எக்ஸ் வேகத்தில், டி.வி.டி. வீடியோவாக, முடித்துவைத்து எழுதிய புதிய வட்டைப் பழைய பெட்டி ஏற்றுக்கொண்டது. பெட்டியும் பிழையில்லை, முதல் வட்டும் பிழையில்லை என்பது அப்போதுதான் இரு கடைக்காரருக்கும் விளங்கியது.

ஆயினும் அவ்வீட்டார் அதோடு அமையலாகாது. எழுதும் வட்டுகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டு எழுதத்தக்க சி.டி.யை உருவாக்கிய ஜப்பானியக் கம்பெனியாகிய தையோ யூடன், 2015இல் அத்தொழிலையே விட்டு விலகிற்று. எழுதும் புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. புதிய மடிக்கணினிகளில் வட்டுக்கு வாயிலே இல்லை. வட்டு ஓடுகின்ற இந்நாளிலேயே அதிலுள்ள ‘வீடியோ-டி.எஸ்.’ கோப்புறையை முழுவதும் கணினிக்கு எடுத்து, வெளி வன்தட்டு ஒன்றிலும், வேறோர் ஊரில் வாழும் உறவினரிடத்தும் படிவைக்க வேண்டும். கீறல் விழுந்த மூலவட்டையும் எறியலாகாது. ஒரு கருவியில் நின்ற இடத்தைப் பிறிதொரு கருவி கடந்து படித்துவிடுவது உண்டு. நாலைந்து கருவிகளில் பகுதி பகுதியாகப் படித்துச் சேர்த்த வட்டுகளும் இருக்கின்றன.

அவ்வீட்டில் இப்போது மூன்று படிகள் உள. ஒன்று பெட்டிக்குக் கீழே, ஒன்று மகனிடம் கண்டியில், மற்றொன்று மூத்த மகளிடம் மாத்தளையில். மூன்றின் மீதும் திருமண நாளும் வட்டு எழுதிய நாளும் பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன. ஆண்டுக்கொருமுறை, தைப்பொங்கல் விடுமுறையில், வட்டை ஓட்டிப் பார்ப்பதென்று ஏற்பாடு. பாட்டி அட்சதை தூவும் இடம் நாற்பத்திரண்டாம் நிமிடத்தில் வருகிறது என்பதைப் பேரக்குழந்தைகள் அறிவார்கள்.